எல்க்குக்கும் மானுக்கும் ஒரே துப்பாக்கி: எந்தத் தோட்டாவுக்குக் குழல் போடுவது?

"அண்ணே, நாளைக்கு ஆக்‌ஷனுக்குப் பணம் கட்டப்போறேன். 300 வின் மேக்கா, 7 பி.ஆர்.சி.யா? ஒரே வார்த்தையில சொல்லுங்க." அரோராவில் இருக்கும் தம்பி ஒருவன் இரவு பதினொன்றரை மணிக்கு வாட்ஸப்பில் கேட்டான். ஆக்‌ஷன் என்பது தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் நடுப்பகுதி, அவன் கேட்ட இரண்டும் தோட்டா வகைகள். "பணத்தைக் கட்டாதே, சனிக்கிழமை வா" என்று மட்டும் பதில் போட்டேன். இதே கேள்வியை இந்த வருடம் என்னிடம் நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். எல்லோரும் கொலராடோவில் எல்க் என்ற பெரிய மானும் மியூல் மானும் வேட்டையாட, சொந்தமாக ஒரு துப்பாக்கி கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதைச் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். இது அமெரிக்க மேற்கு மாநிலங்களுக்கான பேச்சு. இந்தியாவில் 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு பொதுவாக வேட்டைக்கு இடமில்லை, அதனால் ஊருக்கு இதை நீட்டிக்க வேண்டாம். இங்கேயும் எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்துக்கொள்வதைக் கூட்டரசுச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருந்தால் அதற்கு விலக்கு உண்டு, ஆனால் உரிமம் காலாவதியானால் விலக்கும் போய்விடும். விசாவில் இருப்பவர்கள் ஒரு வழக்கறிஞரிடம் பேசிவிட்டு மேலே படியுங்கள். பச்சை அட்டை வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

சொற்களில் குழப்பம் வரக்கூடாது என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். தோட்டா என்று நான் எழுதுவது முழுப் பொருளை: பித்தளைக் கூடு, மருந்து, ப்ரைமர், முனையில் குண்டு எல்லாம் சேர்ந்தது. குண்டு என்றால் குழலிலிருந்து பறந்து போகும் பகுதி மட்டும்.

## எதை வைத்து அளப்பது

பெரும்பாலானவர்கள் வேகத்தையும் ஆற்றலையும் வைத்துத் தோட்டாவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கடையில் போய்த் தயாராக இருக்கும் துப்பாக்கியை வாங்கும்போது அதனால் பெரிய நஷ்டமில்லை, பிடிக்காவிட்டால் விற்றுவிட்டு வேறு வாங்கலாம். சொந்தமாகக் கட்டும்போது கதை வேறு. தோட்டாவின் பெயரைச் சொன்ன அந்த நிமிடமே ஆக்‌ஷன் எவ்வளவு நீளம், போல்ட் முகம் என்ன அளவு, குழலுக்குள் குண்டைச் சுழலவைக்கும் புரி எவ்வளவு நெருக்கம் என்கிற மூன்றும் முடிவாகிவிடுகின்றன. இவற்றைப் பின்னால் மாற்றினால் காசு போகும், மாதக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும்.

போல்ட் முகம் என்றால் தோட்டாவின் அடிப்பகுதி வந்து உட்காரும் குழி. 308, 6.5 க்ரீட்மூர், 30-06, 270, 280 எல்லாவற்றுக்கும் அடி ஒரே அளவு, 0.473 அங்குலம். 300 வின்செஸ்டர் மேக்னம், 7 மிமீ ரெமிங்டன் மேக்னம், பி.ஆர்.சி. குடும்பம் ஆகியவற்றுக்கு 0.532 அங்குலம். பெரிய கூட்டில் அதிக மருந்து போட்ட இந்த வகையைத்தான் மேக்னம் என்பார்கள். முதல் குடும்பத்தில் ஒன்றைக் கட்டிவிட்டு, நாளைக்கு மனம் மாறி இரண்டாவது குடும்பத்துக்குப் போக வேண்டுமென்றால் குழலோடு போல்ட்டையும் மாற்ற வேண்டும். போல்ட்டின் தலையை மட்டும் கழற்றி மாற்றும் வசதி உள்ள ஆக்‌ஷன்களும் சந்தையில் இருக்கின்றன. கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்தாவது அப்படி ஒன்றை வாங்குங்கள். நான் வாங்கவில்லை, அதன் கதை பின்னால் வருகிறது.

ஆக, நான் பார்ப்பது இவை:

- எந்த மிருகம், நான் உண்மையிலேயே எத்தனை கெஜத்திலிருந்து சுடுவேன்
- அந்தத் தூரத்தில் குண்டு விரிந்து உள்ளே போக வேண்டிய வேகம் மிச்சமிருக்கிறதா
- நான் சுமக்க விரும்பும் எடையில் அது தோளில் என்ன உதை உதைக்கும்
- தோட்டா எங்கே கிடைக்கும், பெட்டி என்ன விலை
- மனம் மாறினால் திரும்பி வர வழி இருக்கிறதா

சட்டத்தின் அளவுகோல் இதைவிட எளிது. கொலராடோவில் ரைபிள் குறைந்தபட்சம் 0.24 அங்குல விட்டம் இருக்க வேண்டும், மானுக்கு 70 கிரெயின் (குண்டின் எடையை அளக்கும் அலகு) குண்டு, எல்க்குக்கும் அதைவிடப் பெரிய மூஸ் மானுக்கும் 85 கிரெயின், 100 கெஜத்தில் 1000 அடி-பவுண்டு ஆற்றல். கீழே வரும் ஐந்து தோட்டாக்களும் இதைத் தாராளமாகத் தாண்டும். சட்டத்தைத் தாண்டிவிட்டது என்பதும், 350 கெஜத்தில் சாய்வாக நிற்கும் எல்க்குக்குப் போதும் என்பதும் ஒன்றல்ல.

## ஒரே பார்வையில்

| தோட்டா | குண்டு (கிரெயின்) | வேகம் (அடி/விநாடி) | குழல்வாயில் ஆற்றல் (அடி-பவுண்டு) | 8 பவுண்டு துப்பாக்கியில் உதை (அடி-பவுண்டு) | ஆக்‌ஷன் | போல்ட் முகம் | குழலின் ஆயுள் (சுமார்) |
|---|---|---|---|---|---|---|---|
| 6.5 க்ரீட்மூர் | 143 | 2700 | 2315 | 12 | குட்டை | 0.473 | 2500 சூடு |
| 308 வின்செஸ்டர் | 178 | 2600 | 2670 | 16 | குட்டை | 0.473 | 5000 சூடு |
| 280 ஆக்லி இம்ப்ரூவ்டு | 162 | 2850 | 2920 | 19 | நீளம் | 0.473 | 2000 சூடு |
| 7 மிமீ பி.ஆர்.சி. | 175 | 3000 | 3500 | 26 | நீளம் | 0.532 | 1200 - 1500 சூடு |
| 300 வின்செஸ்டர் மேக்னம் | 200 | 2850 | 3600 | 30 | நீளம் | 0.532 | 1500 - 2000 சூடு |

வேகம் என்பது தோட்டாப் பெட்டியில் போட்டிருப்பது. உங்கள் குழல் 24 அங்குலத்துக்குக் குறைவாக இருந்தால் அங்குலத்துக்கு 20 - 30 அடி குறைத்துக்கொள்ளுங்கள். உதை நான் கணக்குப் போட்டது. மருந்தின் அளவைப் பொறுத்து ஒன்றிரண்டு கூடும், குறையும். குழலின் ஆயுளும் தோராயம்தான், சூட்டோடு சூடாக வரிசையாகச் சுட்டால் இன்னும் சீக்கிரம் தேயும்.

உதைக் கணக்கில் ஒன்றைக் கவனியுங்கள். துப்பாக்கியின் எடை குறையக் குறைய உதை அதே விகிதத்தில் ஏறும். மேலே 8 பவுண்டுக்கு 30 என்று போட்டிருக்கும் 300 மேக்னம், ஸ்கோப்போடு சேர்த்து 7 பவுண்டு துப்பாக்கியில் 34 ஆகிவிடும். இன்று சொந்தமாகக் கட்டுகிற எல்லோரும் கார்பன் குழல், தோளில் வைக்கும் கார்பன் கட்டை என்று எடையைக் குறைக்கத்தான் பார்க்கிறார்கள், கூடவே மேக்னமும் கேட்கிறார்கள். இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது என்பதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

## 300 வின்செஸ்டர் மேக்னம்

இதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் நான் முதலில் கட்டியது இதுதான். 1963-இல் வந்தது. அறுபது வருடமாக எல்க் வேட்டைக்காரர்கள் கையில் இருக்கிறது. 180 முதல் 200 கிரெயின் குண்டு, எலும்பில் பட்டாலும் உள்ளே போகும். கொலராடோவின் மீக்கரிலோ கிரெய்கிலோ சாமான் கடைக்குள் நுழைந்தால் அலமாரியில் நிச்சயம் ஒரு பெட்டியாவது இருக்கும். இது சின்ன விஷயமில்லை: விமானத்தில் வருகிறவர்கள் பெட்டி தொலைந்து தோட்டா இல்லாமல் நின்றால் வேட்டை முடிந்தது. சுட்ட கூட்டிலேயே மருந்தும் குண்டும் மறுபடி போட்டு வீட்டில் தோட்டா கட்டுகிறவர்களுக்கு மட்டும் ஒரு குறை, கூட்டின் அடியில் பெல்ட் என்று சொல்லும் வளையத்துக்குச் சற்று மேலே பித்தளை நீண்டு நீண்டு சீக்கிரம் பலவீனமாகும்.

நான் 7 பவுண்டில் கட்டினேன். கையில் எடுத்தால் தக்கை போல இருந்தது. பெஞ்சில் மணல் மூட்டை மேல் வைத்து மூன்று சூடு சுட்டால் மூன்றும் ஒரு அங்குலத்துக்குள் விழும். நான்காவது சூட்டிலிருந்து குண்டுகள் இடது கீழ்ப்பக்கம் இறங்கத் தொடங்கும். துப்பாக்கியில்தான் கோளாறு என்று நினைத்து ஸ்கோப் வளையத்தை இரண்டு தடவை கழற்றி மாட்டினேன். ஒரு நாள் நண்பர் ஒருவர் எனக்குத் தெரியாமல் நடுவில் ஒரு வெற்றுக் கூட்டைப் போட்டுக் கொடுத்தார். விசையை இழுத்தேன், சத்தம் வரவில்லை, ஆனால் துப்பாக்கியின் முனை ஒரு சாண் கீழே இறங்கியது. என் உடம்பு உதையை எதிர்பார்த்து முன்கூட்டியே முந்திக்கொண்டிருந்தது.

அதைப் பார்த்த பிறகும் அந்த அக்டோபரில் அதையே எடுத்துக்கொண்டு ஃப்ளாட் டாப்ஸ் மலைக்குப் போனேன். ஆஸ்பென் மரங்களுக்கு வெளியே, 310 கெஜத்தில், ஒரு பெண் எல்க் பக்கவாட்டில் நின்றது. காற்றில்லை. எல்லாம் கூடிவந்த ஒரு தருணம். விசையை இழுக்கும்போதே தெரிந்துவிட்டது. குண்டு தோளுக்குப் பின்னால் விழ வேண்டியது வயிற்றில் விழுந்தது. அது மரங்களுக்குள் போய்விட்டது. இருட்டும் வரை தேடினோம், பனியில் அங்கங்கே ஒரு சொட்டு, அப்புறம் அதுவும் இல்லை. டார்ச் வெளிச்சத்தில் எட்டரை மணி வரை தேடிவிட்டு, காலையில் விடிவதற்கு முன் மறுபடி போனோம். ஒரு ஓடைக்கரையில் கிடந்தது, உடம்பு ஏற்கெனவே விறைத்திருந்தது. இரவு எவ்வளவு நேரம் உயிரோடு இருந்தது என்று எனக்குத் தெரியாது. ஒரு பக்கத்து இறைச்சி முழுக்கக் கெட்டுவிட்டது.

300 மேக்னம் மோசமான தோட்டா இல்லை. 9 பவுண்டு துப்பாக்கியில், வருடம் முழுக்கப் பழகுகிறவர் கையில், அதைவிட நம்பகமான எல்க் தோட்டா குறைவு. பெரிய ஆண் எல்க், மூஸ், அலாஸ்காவுக்குப் போகும் திட்டம் எல்லாம் இருந்தால் இதையே கட்டுங்கள். குழல் 24 அங்குலத்துக்குக் குறையாமல், புரி 1:10 (10 அங்குலத்தில் குண்டு ஒரு சுற்று சுற்றும்). 220 கிரெயினுக்கு மேல் உள்ள நீளமான குண்டுகள் வேண்டுமென்றால் அதைவிட நெருக்கமாகக் கேளுங்கள். எடையைக் குறைத்துக் கட்டாதீர்கள்.

## 7 மிமீ பி.ஆர்.சி.

ஹார்னடி நிறுவனம் 2022-இல் கொண்டுவந்தது. 1962-இலிருந்து இருக்கும் 7 மிமீ ரெமிங்டன் மேக்னத்தின் வேலையை, நீளமான கனத்த குண்டுகளை மனதில் வைத்து முதலிலிருந்து வரைந்தது என்று சொல்லலாம். பெல்ட் இல்லை. புரி 1:8 என்பது இந்தத் தோட்டாவுக்கான தொழில்துறைத் தர அளவிலேயே எழுதப்பட்டிருக்கிறது, அதனால் எந்தக் கடையில் எந்தப் பெட்டியை வாங்கினாலும் குழல் அதை நிலையாகப் பறக்கவிடும். பழைய 7 மேக்னத்தில் 1:9, 1:9.5 என்று இருந்ததால் 175 கிரெயினுக்கு மேல் உள்ள இன்றைய மெல்லிய நீளமான குண்டுகள் சில துப்பாக்கிகளில் தடுமாறும். சொந்தமாகக் குழல் போடுகிறவர் பழைய 7 மேக்னத்துக்கே 1:8 கேட்டு வாங்கலாம் என்பது உண்மைதான். ஆனால் கடையில் கிடைக்கும் தோட்டா அந்தப் பழைய புரியை நினைத்து அளந்து கட்டியதாகவே இருக்கும்.

நீண்ட தூரத்தில் இதன் அழகு தெரியும். 143 கிரெயின் க்ரீட்மூர் 400 கெஜத்தில் வைத்திருக்கும் ஆற்றலைவிட இது கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு வைத்திருக்கும், காற்றும் குறைவாகவே தள்ளும். 9000, 10000 அடி உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் இன்னும் தட்டையாகப் பறக்கும்.

மறைந்திருக்கும் செலவு மூன்று. முதலாவது, கிட்டத்தில் சுடும்போது வரும் இறைச்சி நஷ்டம். 60 கெஜத்தில் மானின் தோளில் 3000 அடி வேகத்தில் மெல்லிய உறை போட்ட குண்டு விழுந்தால் இரண்டு தோளும் ரத்தக்கட்டாகிவிடும், அறுத்து நாய்க்குத்தான் போட வேண்டும். செம்பு குண்டோ, உறையும் ஈயமும் ஒட்டவைத்த குண்டோ போட்டால் இது வெகுவாகக் குறையும். இரண்டாவது நீளம். 24 அங்குலக் குழல், அதன் முனையில் சத்தம் குறைக்கும் 7 அங்குல சப்ரஸ்ஸர் என்று மாட்டினால் அடர்ந்த காட்டில் கிளைகளில் மாட்டிக்கொண்டே நடக்க வேண்டும். மூன்றாவது சின்ன ஊர்க் கடைகள். இப்போது நிறைய இடங்களில் கிடைக்கிறது, ஆனாலும் 300 மேக்னம் அளவுக்கு நம்பிப் போக முடியாது. எனக்குத் தெரிந்த கடைகளில் 20 தோட்டா 55-இலிருந்து 75 டாலர் வரை.

இன்னொன்று, இது பாதுகாப்பு விஷயம். 7 மிமீ-08, 7 மிமீ ரெமிங்டன் மேக்னம், 7 மிமீ பி.ஆர்.சி. எல்லாவற்றிலும் குண்டின் விட்டம் ஒன்றே, கூடு வேறு வேறு. ஒன்றை மற்றொன்றில் போடக் கூடாது. வீட்டில் இரண்டு 7 மிமீ துப்பாக்கி இருந்தால், காட்டுக்குப் போகும் பையில் ஒரே வகைத் தோட்டா மட்டும் இருக்கட்டும்.

யாருக்கு இது: திறந்த புல்வெளியிலும் மலைச்சரிவிலும் 400 கெஜம் வரை சுடப் பழகியவர், கடைத் தோட்டாவையே நம்பியிருப்பவர், துப்பாக்கி எட்டரை ஒன்பது பவுண்டு இருந்தாலும் சுமக்கத் தயாராக இருப்பவர்.

## 280 ஆக்லி இம்ப்ரூவ்டு

இன்று என் கையில் இருப்பது இது. 1957-இல் வந்த 280 ரெமிங்டனின் கூட்டை அகலப்படுத்தி, தோளை 40 டிகிரிக்கு நிமிர்த்தியது. பி. ஓ. ஆக்லி என்ற துப்பாக்கிக் கலைஞர் இப்படிப் பல தோட்டாக்களைத் திருத்தினார், அவற்றில் இன்று நன்றாக நிலைத்திருப்பவற்றில் இதுவும் ஒன்று. வெகுகாலம் சொந்தமாகத் தோட்டா கட்டுகிறவர்களின் ரகசியம் போல இருந்தது. நோஸ்லர் நிறுவனத்தால் பிறகு தொழில்துறைத் தரப்பட்டியலில் ஏறி, பெட்டியில் கிடைக்கத் தொடங்கியது.

7 மிமீ மேக்னத்துக்குப் பக்கத்தில் வரும் வேகம், ஆனால் மருந்து குறைவு, உதை குறைவு, போல்ட் முகம் சாதாரண 0.473. துப்பாக்கிக்குள் தோட்டா அடுக்கும் பெட்டகத்தில் மேக்னத்தைவிட ஒரு தோட்டா கூடப் பிடிக்கும். ஏழேகால் பவுண்டில் கட்டினாலும் தோள் தாங்கும். அவசரத்துக்கு 280 ரெமிங்டன் தோட்டாவையும் இதில் சுடலாம், வேகம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

குறை என்னவென்றால் கிடைப்பது. கிரெய்கில் ஒரு முறை கேட்டுப் பார்த்தேன், 280-ம் இல்லை, ஆக்லியும் இல்லை. விலையும் அதிகம், 20 தோட்டா 60-இலிருந்து 80 டாலர் வரை. 2020, 2021-இல் அலமாரிகள் காலியாக இருந்தபோது இப்படிப்பட்ட தோட்டா வைத்திருந்தவர்கள்தான் முதலில் தவித்தார்கள், தொழிற்சாலைகள் அதிகம் விற்கும் வகைகளையே முதலில் ஓட்டின. அதனால் நான் ஒரே தொகுதி எண்ணில் பத்துப் பெட்டி வாங்கி வைத்துக்கொள்கிறேன். வீட்டில் கட்டுகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. பித்தளை ஒரு முறை வாங்கினால் பல வருடம் வரும்.

புரியைச் சொல்ல மறக்காதீர்கள். எதுவும் சொல்லாவிட்டால் 1:9 போட்டுக் கொடுத்துவிட வாய்ப்பு உண்டு. 1:8 கேளுங்கள். செம்பு குண்டு அதே எடைக்கு ஈயக் குண்டைவிட நீளமாக இருக்கும், நெருக்கமான புரி அதற்கும் கைகொடுக்கும். கலிபோர்னியாவில் 2019 ஜூலையிலிருந்து வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது, அங்கிருக்கும் நண்பர்கள் எந்தத் தோட்டாவை எடுத்தாலும் முதலில் செம்பு குண்டுக்கு ஏற்ற புரியைத்தான் பார்க்க வேண்டும்.

300-லிருந்து இதற்கு மாற எனக்கு ஆன செலவைச் சொல்கிறேன். ஆக்‌ஷன் நீளமானது, அதனால் அது தப்பியது. கட்டை தப்பியது, விசை தப்பியது. புதுக் குழல், தோட்டா உட்காரும் அறையை அதில் குடைவது, போல்ட் முகம் வேறு என்பதால் புது போல்ட், அதை இந்த ஆக்‌ஷனுக்குப் பொருத்தி இடைவெளி சரிபார்ப்பது எல்லாம் சேர்ந்து ஆயிரத்து நானூறு டாலருக்கு மேல் போனது. ஐந்து மாதம் காத்திருந்தேன். தலை மாற்றும் போல்ட்டாக இருந்திருந்தால் குழலோடும் ஒரு தலையோடும் முடிந்திருக்கும்.

## 6.5 க்ரீட்மூர்

2007-இல் ஹார்னடி அறிமுகப்படுத்தியது, இலக்குப் போட்டிக்காகப் பிறந்தது, பிறகு வேட்டைக்கு வந்தது. இதைப் பற்றி இரண்டு பக்கமும் மிகைப்படுத்திப் பேசுகிறார்கள். ஒரு பக்கம் 600 கெஜத்தில் எல்க் அடிக்கலாம் என்கிறார்கள், இன்னொரு பக்கம் எல்க்குக்கே ஆகாது என்கிறார்கள். நான் பார்த்தவரை 300 கெஜத்துக்குள், மிருகம் பக்கவாட்டில் நிற்கும்போது, நல்ல குண்டோடு எல்க்குக்கு இது போதும். சாய்வாக நின்றால், தோள் எலும்பு குறுக்கே வந்தால், நான் விசையைத் தொட மாட்டேன். மியூல் மானுக்கும், ப்ராங்ஹார்ன் என்ற மான் போன்ற புல்வெளி மிருகத்துக்கும் எந்த யோசனையும் வேண்டாம்.

உதை 12 அடி-பவுண்டு. என் மனைவியும் பதினாறு வயது மகளும் இதே துப்பாக்கியில் ஒரே மதியத்தில் நாற்பது சூடு சுட்டுவிட்டு அடுத்த வாரம் எப்போது என்று கேட்கிறார்கள். தோட்டா 35-இலிருந்து 50 டாலர், எங்கும் கிடைக்கும். குட்டை ஆக்‌ஷன், 20 அங்குலக் குழல், அதன் மேல் சப்ரஸ்ஸர் மாட்டினாலும் கைக்கு அடக்கமாக இருக்கும்.

மேக்னம் போல்ட் முகம் வேண்டுமென்றால் இதன் அண்ணன் 6.5 பி.ஆர்.சி. இருக்கிறது. அதே குண்டு 2960 அடி வேகத்தில் போகும், உதை 308-க்குக் கொஞ்சம் மேலே. மேக்னம் ஆக்‌ஷன் ஏற்கெனவே வைத்திருந்து, உதையைக் குறைக்க நினைப்பவர்களுக்கு நல்ல வழி.

## 308 வின்செஸ்டர்

1952-லிருந்து இருக்கிறது. நீண்ட தூரத்தில் மற்ற நான்கும் இதைத் தாண்டிவிடும், 400 - 500 கெஜத்துக்குள் க்ரீட்மூரே ஆற்றலில் இதை எட்டிப் பிடித்துவிடும். ஆனால் 250 கெஜத்துக்குள், அடர்ந்த காட்டில், 18 அங்குலக் குழலில், இதைவிட நிம்மதியான தோட்டா எனக்குத் தெரியாது. கிட்டத்தில் இறைச்சியைக் கெடுக்காது. குழல் 5000 சூடு தாங்கும், நிறையப் பேருக்கு வாழ்நாளுக்கே போதும். சாமான் கடை, தீவனக் கடை எங்கும் கிடைக்கும்.

இதன் இன்னொரு பலம் குடும்பம். 243, 7 மிமீ-08, 6.5 க்ரீட்மூர் எல்லாம் இதே போல்ட் முகம், இதே ஆக்‌ஷன் நீளம், பெரும்பாலும் இதே பெட்டகம். குழலை மட்டும் மாற்றினால் போதும். முதல் முறை கட்டுகிறவர், தன்னுடைய வேட்டை எப்படி அமையும் என்று இன்னும் தெரியாதவர், இந்தக் குட்டை ஆக்‌ஷனில் தொடங்கினால் திரும்பி வரும் வழி எப்போதும் திறந்திருக்கும்.

30-06-ஐ ஏன் விட்டுவிட்டாய் என்று கேட்பீர்கள். 1906-இலிருந்து எல்லாவற்றையும் வீழ்த்தியிருக்கிறது, அப்பாவிடமிருந்தோ மாமனாரிடமிருந்தோ வந்திருந்தால் அதையே சுடுங்கள். புதிதாக நீள ஆக்‌ஷனில் காசு போட்டுக் கட்டும்போது, அதே போல்ட் முகத்தில் 280 ஆக்லி கொஞ்சம் தட்டையாகப் பறக்கிறது என்பதால் நான் அதைத் தேர்ந்தெடுத்தேன். கடையில் கிடைப்பதுதான் முக்கியம் என்றால் 30-06 தான் ஜெயிக்கும், அதில் விவாதமே இல்லை.

## தூரத்தை எப்படி முடிவு செய்வது

எல்லோரும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். "500 கெஜம்" என்று சொல்பவர்களிடம் நான் கேட்பது, கடைசியாக எப்போது தரையில் உட்கார்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, அந்தத் தூரத்தில் சுட்டாய் என்று. பெஞ்சில் சுட்டது கணக்கில்லை. ஒரு அட்டைத் தட்டை (எட்டு அங்குலம், எல்க்கின் இதயம் நுரையீரல் இருக்கும் இடத்தைவிடச் சின்னது) வைத்து, ஐம்பது அடி ஓடிவிட்டு உட்கார்ந்து பத்து சூடு சுட்டால் பத்தும் எந்தத் தூரம் வரை தட்டுக்குள் விழுகிறதோ அதுவே உங்கள் தூரம். பெரும்பாலானவர்களுக்கு அது 200-லிருந்து 300-க்குள் நிற்கும். அந்தத் தூரத்தில் இந்த ஐந்தில் எதுவும் எல்க்குக்குக் குறையில்லை, அப்புறம் உதையும் விலையும் கிடைப்பதும் மட்டுமே மிச்சம்.

தூரம் நீளும்போது ஆற்றலைவிட வேகத்தைப் பாருங்கள். செம்பு குண்டு விரிய விநாடிக்கு 1800-லிருந்து 2000 அடி வரை வேகம் மிச்சமிருக்க வேண்டும், மெல்லிய உறை போட்ட ஈயக் குண்டு அதைவிடச் சற்றுக் குறைந்தாலும் விரியும். குண்டு தயாரித்தவர்கள் தங்கள் குண்டுக்கான குறைந்தபட்ச வேகத்தைச் சொல்லியிருப்பார்கள். உங்கள் குழல் நீளத்தில், உங்கள் தோட்டா எத்தனை கெஜத்தில் அந்த வேகத்துக்கு இறங்குகிறது என்று ஒரு இலவச பாலிஸ்டிக் செயலியில் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். மீதி எல்லாம் உங்கள் கையில்.

## தம்பி என்ன கட்டினான்

சனிக்கிழமை காலை வந்தான். என் 280, வீட்டிலிருக்கும் 308, ஒரு நண்பரிடம் கேட்டு வாங்கிய 9 பவுண்டு 7 பி.ஆர்.சி., மூன்றையும் எடுத்துக்கொண்டு போனோம். பெஞ்சுப் பக்கமே போகவிடவில்லை. புல்லில் உட்காரவைத்து, 200-இலும் 300-இலும் அட்டைத் தட்டு. என் 280-இல் 300 கெஜத்தில் பத்துக்கு ஆறு. 308-இல் ஏழு. அந்தக் கனத்த 7 பி.ஆர்.சி.யில் ஒன்பது. நான் எதிர்பார்க்கவில்லை. ஆள் ஆறடி, தோள் அகலம், துப்பாக்கியின் எடை அவனுக்குப் பாரமாக இல்லாமல் ஊன்றுகோலாக இருந்தது. நடுநடுவே அவனுக்குத் தெரியாமல் வெற்றுக் கூடு போட்டுக் கொடுத்தேன். குழல் அசையவில்லை.

"அண்ணே, அப்ப 300 வேணாமா?"

"உனக்கு இதுலயே தட்டுக்குள்ள விழுதுடா. எதுக்கு இன்னும் நாலு அடி-பவுண்டு உதை?"

திங்கட்கிழமை ஆர்டர் படிவத்தை என் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துதான் நிரப்பினான். 7 மிமீ பி.ஆர்.சி., நீள ஆக்‌ஷன், தலை மாற்றும் போல்ட், 22 அங்குல எஃகுக் குழல், புரி 1:8, கார்பன் வேண்டாம், ஸ்கோப்போடு 9 பவுண்டு. குழல் வர ஐந்து மாதம் ஆகும் என்று சொல்லியிருக்கிறார்கள். அதுவரை என் 308-ஐ எடுத்துக்கொண்டு சனிக்கிழமைதோறும் வருகிறான், போன வாரம் 250-இல் பத்துக்குப் பத்து.